பார்லி களைந்த மதியம்

துபாயில் கோடையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். மொட்டைமாடித் தொட்டி அப்படிக் காய்கிறது. குளிப்பதற்கு ஹீட்டரை அணைத்து, அதற்குள் ஆறிய நீரைப் பிடித்துக்கொள்கிறோம். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் தேரா கட்டடத்தில் பகலில் எனக்குத் துணை எதிர்வீட்டு ஆங்கிலேயப் பெண் பார்பரா மட்டும்தான். என் எட்டு மாத மகள் வித்யா அவள் தோளில்தான் தூங்குவாள். அந்த நேரத்தில்தான் நான் சாப்பிடுவேன். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் லீவில் வரவிருந்தார். அவருக்காக வீட்டிலேயே பீர் காய்ச்ச, மாடியில் பார்லியை முளைகட்டி உலர்த்தியிருந்தாள். என் மிக்சியில் உடைத்துத் தரக் கேட்டபோது மறுக்க முடியவில்லை.

"எவனாவது போட்டுக் கொடுத்தான்னா விசா போயிடும்டி" என்றார் என் கணவர்.

"நான் ஒடைச்சுக் குடுக்கிறதோட சரிங்க."

ரவையாக உடைத்தேன். மாடியில் காய்ந்ததில் ஒரே மணல். கை சுடாமல் கரண்டியால் கிளறி, நொய்யைக் களைவதுபோல் நீர் தெளியும்வரை களைந்து, துணியில் வடித்துக் கொடுத்தேன்.

மறுநாள், "ஜெயா, மூழ்குது!" என்று ஆங்கிலத்தில் பார்பராவின் அலறல். வித்யாதான் எதிலோ விழுந்துவிட்டாள் என்று செருப்பில்லாமல் ஓடினேன். குழந்தை சமர்த்தாக அவள் இடுப்பில் இருந்தது. பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் ஒரு கண்ணாடி மிதவைதான் மூழ்கிக்கொண்டிருந்தது. திருச்சியில் எங்கள் விடுதி வார்டன் பால்காரரை மிரட்ட வைத்திருந்ததே, அதே ஜாதி. சாற்றில் இனிப்பு இருந்தால் மிதவை உயர்ந்து நிற்கும். நாற்பது காட்ட வேண்டியது இருபதுதான் காட்டியது. இந்தச் சாறு புளித்தால் பீராகாது, வெறும் தண்ணீர்தான்.

சூட்டில் குறைத்துக் காட்டும் என்று ஐஸில் ஆறவைத்தாள். கொஞ்சம்தான் ஏறியது. ஊறவைத்த வெந்நீரின் சூடு தப்போ என்று தெர்மாமீட்டரைச் சோதித்தாள், சரி. தானியத்தைக் கிள்ளிப் பார்த்தாள், பதமாகத்தான் உடைந்திருந்தது.

"வேற ஏதாவது செஞ்சியா?"

"ஒண்ணுமில்லையே. நல்லாக் கழுவினேன்."

"உடைச்ச பிறகா? எந்தத் தண்ணியில?"

"குழாய்த் தண்ணி."

"இந்த மதிய வெயில்லயா!"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தச் சுடுநீரில் மாவும் இனிப்பும் கரைந்து, பாதி பீர் என் வீட்டுச் சாக்கடையில் போய்விட்டது. இனி வித்யாவைத் தூக்குவாளா? கண் கலங்கியது. பார்பராவோ தரையில் உட்கார்ந்து விலா நோகச் சிரித்தாள். "உலகத்திலேயே சுத்தமான பீர், ஜெயா!"

ஓடிப்போய் ஒரு மண்டை வெல்லம் கொண்டுவந்தேன். நுணுக்கி, கரைத்து, வடிகட்டி ஊற்ற ஊற்ற மிதவை எழும்பியது; நாற்பதைத் தொட்டதும் இருவரும் கத்தினோம். ஒரே நேரத்தில் குனிந்து பார்த்ததில் மண்டையோடு மண்டை இடித்தது. நடுவில் மாட்டிக்கொண்ட வித்யா, பிசுபிசுத்த விரல்களால் ஒரு கையில் அவள் செம்பட்டை முடியையும் மறுகையில் என் தாலிச்சரடையும் இறுகப் பிடித்திருந்தாள். நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் இரண்டில் ஒன்றையும் விடவில்லை.