சுவர்களுக்கு மாவுக்கட்டு போடுகிறவர்

பாதி ரப்பர் பந்தில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் வெள்ளை மாவை விரல்களால் தூவிவிட்டு எக்கார்ட் மூல்ட்ஹோஃப் காத்திருக்கிறார். உடனே கலக்கமாட்டார். மாவு தானாக மூழ்க வேண்டும். மூழ்கி மூழ்கி, கடைசியில் தண்ணீருக்கு மேலே சின்னச் சின்னத் திட்டுகளாகத் தலைகாட்ட வேண்டும். "தீவு தெரியுது, போதும்" என்பார். அதற்குப் பிறகுதான் கரண்டி. பக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரர் பொறுமையிழந்து ஏதாவது சொன்னால், "நான் கலக்கட்டா, இல்ல நீ கலக்குறியா?" என்று கேட்பார். அந்த ஆள் அடங்கிவிடுவார்.

கலந்த மாவை விரிசலுக்குக் குறுக்கே, ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்துக்கு அப்புவார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கடிக்கத் தொடங்குவார். விதை, நடுத்தண்டு எல்லாம் உள்ளே போய்விடும். காம்பு மட்டும் மிஞ்சும்போது மாவு இறுகியிருக்கும். காம்பை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, துருப்பிடித்த கூரை ஆணி ஒன்றால் அன்றைய தேதியைக் கட்டின்மேல் கீறுவார். எங்கள் ஊரில் எந்த வீட்டு ஜன்னலில் ஆப்பிள் காம்பு கிடந்தாலும் எக்கார்ட் வந்துபோனார் என்று அர்த்தம்.

ஹோலன்பெக்கில் நூற்றுப்பத்து வீடுகள். கீழே வேசர் நதி வளைந்து போகிறது. நதிக்கு அந்தப் பக்கம் காடு. அங்கிருந்து வெட்டி வந்த சிவப்பு மணற்கல் பலகைகள்தாம் எங்கள் கூரைகள். ஊருக்கு மேலே, செம்மறிகள் மேய்கிற வெளுத்த மேடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். அடியில் மணற்கல், உச்சியில் சுண்ணாம்புக்கல், நடுவே கேக்கில் தடவிய கிரீம்போல ஜிப்சம். நாங்கள் குடியிருப்பது அந்தக் கிரீமின்மேல். மழைத்தண்ணீர் மேட்டில் இறங்கி, ஜிப்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு நதிக்குப் போகிறது. கரைந்த இடம் பொந்தாகிறது. என்றைக்காவது ஒருநாள் பொந்தின் கூரை உள்ளே விழுகிறது.

லோதாரின் வைக்கோல் கொட்டகை அப்படித்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரே காபி குடித்துக்கொண்டிருந்தது. யாரோ தொண்டையைச் செருமிய மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் கொட்டகை நின்ற இடத்தில் பதினாலு மீட்டர் ஆழத்துக்குக் குழி. லோதார் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு, "அய்யோ, என் புது மண்வெட்டி உள்ளல்ல இருந்துச்சு" என்றார். இருபத்தாறு வருஷமாகிறது. குழியில் தண்ணீர் நிறைந்து இப்போது வாத்துகள் நீந்துகின்றன. லோதார் இன்னும் மண்வெட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்.

அதன் பிறகுதான் ஊர் கூடி முடிவெடுத்தது: ஒவ்வொரு வீட்டு விரிசலிலும் மாவுக்கட்டு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டு முழுசாக இருந்தால் மண் அசையவில்லை. கட்டு உடைந்திருந்தால் அந்தப் பக்கத்து அறைகளில் யாரும் படுக்கக்கூடாது. ஹனோவர் நகரத்திலிருந்து நிலவியல் ஆட்கள் வந்து நிலத்தில் துளை போட்டுப் பார்த்துச் சொல்லும்வரை. ஊரில் சுவர் பூசுகிறவர் எக்கார்ட் ஒருவர்தான். வேலை அவர் தலையில் விழுந்தது. கட்டுக்கு எடுக்கிற மாவும் அதே ஜிப்சத்தை வறுத்து அரைத்ததுதானே என்று ஒருமுறை கேட்டேன். "அது அவங்க குடும்ப விஷயம், குடும்பத்து ஆளே பாத்துக்கட்டும்" என்றார்.

நான் தபால்காரன். எல்லா வீட்டு நாய்க்கும் என்னைத் தெரியும் என்பதால் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்பவனும் நானே. கதவு திறந்ததும் எக்கார்ட் வீட்டுக்காரரை நலம் விசாரிக்கமாட்டார். "சுவர் நல்லாத் தூங்குச்சா?" என்றுதான் கேட்பார். நேரே விரிசலுக்குப் போய், ஜுரம் பார்ப்பவர்போலப் புறங்கையைக் கட்டின்மேல் வைப்பார். முழுசாக இருந்தால் ஆணியால் ஒரு சின்னக் கோடு கிழிப்பார். காய்ந்த மாவுக்கட்டில் ஆணி கிறீச்சென்று கத்தும். எனக்குப் பல் கூசும். "ஹென்னிங், எழுது, முழுசு" என்பார். நான் எழுதுவேன். அடுத்த வீடு.

புறங்கை ஏன் என்பது எனக்கு நாலாவது வருஷம்தான் தெரிந்தது, அதுவும் நான் அகப்பட்டுக்கொண்டபோது. என் வீட்டை விற்றுவிட்டு நதிக்கரைக்குப் போய்விட வேண்டும் என்று என் மனைவி சில்கே பிடிவாதம் பிடித்த வருஷம் அது. வாங்குகிற ஆள் வரப்போகிற வாரத்தில் எங்கள் கூடத்துக் கட்டு உடைந்தது. மயிரிழைதான். நான் என்ன செய்தேன்? பற்பசையைப் பிதுக்கி இடுக்கில் தேய்த்தேன். எக்கார்ட் வந்தார். புறங்கையை வைத்தார். மூக்கை அருகில் கொண்டுபோனார்.

"ஹென்னிங், உன் சுவரு பல்லு விளக்கிருச்சு போல."

எனக்குக் காதுவரை சூடேறியது. சில்கே சமையலறைக்குள் ஓடிவிட்டாள். வேறு ஆளாக இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். எக்கார்ட் பாதிப் பந்தை எடுத்தார், மாவைத் தூவினார், பழைய கட்டுக்குப் பக்கத்தில் புதுக் கட்டு போட்டார், ஆப்பிள் தின்றார். "இங்க கைய வை" என்றார். கட்டு வெதுவெதுப்பாக இருந்தது. "போட்ட அரைமணிக்குச் சூடு. அப்புறம் ரெண்டு நாள் ஈரத்துல சில்லுனு கெடக்கும். காஞ்சா சுவரோட சுவரு. இத எந்தப் பற்பசையாலயும் பண்ண முடியாதுய்யா." ஹனோவர் ஆட்கள் வந்தார்கள், துளை போட்டார்கள், ஆபத்தில்லை என்றார்கள். வீடு விற்கவில்லை. இன்றுவரை அந்தப் பற்பசைக் கதை எங்கள் மூன்று பேரைத் தாண்டிப் போகவில்லை. இப்போது நானே எழுதிவிட்டேன், போகட்டும்.

எக்கார்டுக்கு வயது அறுபத்துநாலு. கால்சட்டையில் இருபது வருஷத்து மாவு. கழற்றி நிறுத்தினால் தானாக நிற்கும் என்பாள் அவர் மனைவி மார்லீஸ். கடுகு விழுது இல்லாமல் எதையும் தின்னமாட்டார். முத்தமிடுவதற்கு முன்கூட ஊரில் எல்லோரும் கைகுலுக்கிக்கொள்வோம். அவர் மாவுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழங்கையை நீட்டுவார். அந்த ரப்பர் பந்தின் மறுபாதி எங்கே என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும். மகள் வீப்கேயினுடைய பந்து அது. ஆறு வயதில் அவள் அதை ஆணியில் குத்திவிட்டு அழுதாளாம். இரண்டாக வெட்டி, "உனக்குப் பாதி, எனக்குப் பாதி" என்று சமாதானம் செய்தாராம். அவள் பாதி பொம்மைக்குக் குளியல் தொட்டியானது.

வீப்கே ஹனோவரில் இருக்கிறாள். பதினோரு வருஷம். இந்தக் கோடையில் ஒருநாள் தொலைபேசியில், குழந்தை நவம்பரில் பிறக்கும், அதற்குள் தானும் கணவனும் ஊருக்கே வந்துவிடலாமா, மாடி அறை காலிதானே என்று கேட்டாளாம். எக்கார்ட் அன்று என் தபால் வண்டியை நடுத்தெருவில் மறித்தார். "வர்றாளாம்யா" என்றார். கண் கலங்கியிருந்தது. அடுத்த நாளே மாடி அறைச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். எலுமிச்சை மஞ்சள் காகிதம் ஒட்டினார். ஜன்னலுக்கு எண்ணெய் தேய்த்தார். தொட்டில் எந்த மூலையில் வரும் என்று தரையில் சாக்குக்கட்டியால் வரைந்துவைத்து, யார் வந்தாலும் மாடிக்கு இழுத்துப்போய்க் காட்டினார். நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

அவர் வீட்டிலும் விரிசல் உண்டு. சமையலறை ஜன்னலை ஒட்டித் தொடங்கி, நேரே மாடி அறைக்கு ஏறுகிற விரிசல். மார்ச் ஏழாம் தேதி கட்டு. ஜூனில் பார்த்தபோது முழுசு.

செப்டம்பர் முழுக்க நல்ல மழை. வேசர் செக்கச்செவேலென்று, காட்டு மணற்கல்லின் நிறத்தில் ஓடியது. அக்டோபர் முதல் சனிக்கிழமை வெயில் வந்தது. மழையால் தள்ளிப்போன மூன்று மாதச் சுற்றுக்கு அன்றுதான் நாள். வீப்கேயும் கணவன் மால்ட்டேயும் மாடி அறையை அளந்துபார்க்க வருகிற நாளும் அதுதான். எப்போதும் எக்கார்டின் வீடு சுற்றில் கடைசி. அன்று காலை நான் போனதும், "இங்கயே ஆரம்பிச்சிரலாம்" என்றார். சட்டையில் புதுப்பொத்தான், தலையில் படிய வாரிய ஈரம்.

மார்லீஸ் கூடத்தில் பிளம்ஸ் கேக்கை வைத்துக்கொண்டு நின்றாள். "பாரு ஹென்னிங், விடிஞ்சதுலேருந்து என்னச் சமையக்கட்டுக்குள்ளயே விடல இந்த மனுஷன். கேக்கப் பேக்கரி அடுப்புல குடுத்துச் சுட்டேன்."

"தரை துடைச்சேன்" என்றார் எக்கார்ட். தரை துடைத்த மாதிரித் தெரியவில்லை.

கட்டு முழுசாக இருந்தது. மார்ச் ஏழு என்ற தேதி. ஜூனுக்கு ஒரு கோடு. எல்லாம் சரி. ஆனால் ஜன்னல் கட்டையில் ஓர் ஆப்பிள் காம்பு கிடந்தது. முனையில் ஈரம் காயவில்லை.

"எழுது, முழுசு" என்றார் எக்கார்ட். இன்றைக்கு அவர் புறங்கையை வைக்கவேயில்லை. பழக்க தோஷம், நான் வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

மார்ச்சில் போட்ட கட்டுக்கு இப்போது சூடு ஏது? எனக்குக் கோபமா, பரிதாபமா என்று கேட்டால் இரண்டும்தான். ஊரில் எத்தனை பேரை இந்த மனிதர் சொந்த அறையை விட்டுக் கூடத்தில் படுக்கவைத்திருக்கிறார்! ஒருவரிடமும் கண்ணை மூடிக்கொண்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். என் கை கட்டின்மேல் இருப்பதையும் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பற்பசை நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

"எழுதலியா?"

"பென்சில் மொனை ஒடஞ்சிருச்சு" என்றேன். முனை ஊசியாகத்தான் இருந்தது. அவருக்கும் தெரிந்தது.

வாசலில் கார் நின்றது. மால்ட்டே அளவு நாடாவோடு நேரே மாடிக்கு ஓடினான். வீப்கே மெல்ல வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கைகொடுத்தாள். அப்பாவிடம் முழங்கையை நீட்டினாள். அவர் மாவுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழங்கையை இடித்தார்.

"அந்த ரூம்ல காலைல வெயில் வருதுல்லப்பா? நான் சின்னப் புள்ளைல வருமே."

"வரும். தொட்டில் மேல விழாது. பாத்துத்தான் கோடு போட்டிருக்கேன்."

"எனக்குத் தெரியும், நீ பாத்துத்தான் செஞ்சிருப்ப." அவள் நாற்காலியை இழுத்து, விரிசலுக்குக் கீழேயே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. மாவுக்கட்டை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "என்னப்பா, சுவர் நல்லாத் தூங்குச்சா?"

மாடியில் மால்ட்டே நடக்கிற சத்தம் கேட்டது. மார்லீஸ் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். எக்கார்ட் ஜன்னலைப் பார்த்தார், மகளின் வயிற்றைப் பார்த்தார். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டு ஆணியை எடுத்தார். மகளின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, மார்ச் ஏழு என்பதைக் குறுக்கே அடித்தார். கீழே, நிதானமாக, அன்றைய தேதியைக் கீறினார். ஆணி கிறீச்சிடவில்லை. ஈர மாவு மட்டும் உருண்டு உருண்டு ஆப்பிள் காம்பின்மேல் விழுந்தது.