நாலாவது ஆள்

என் அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், படம் எடுப்பவர். தொழிலுக்கு இல்லை. தொழில் பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை. படம் எடுப்பது பொழுதுபோக்கு என்று அவரே சொல்வார். பொழுது போவது அவருக்கு, கழுத்து அறுபடுவது எங்களுக்கு.

வேன் பிடித்து எங்கேயாவது போனால் முன் சீட் கேமராப் பைக்கு. வளைவு ரோட்டில் அம்மாவுக்குக் குமட்டும், முன்னால் உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பை முன்னால், அம்மா பின்னால், அம்மாவின் மடியில் வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பை. "லென்ஸ் குலுங்கக் கூடாது அத்தே" என்பார். அத்தை குலுங்கலாம்.

பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன் அவர். அவரைப் பெற்றவளும் கொழுந்து எடுத்தவள்தான். ஆனால் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களைக் கண்டுவிட்டால், நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கிய துரை மாதிரி வேனை நிறுத்தச் சொல்வார். ஒரு தடவை பாதையோரத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், "அக்கா, கூடைய இப்படித் திருப்புங்க, கொஞ்சம் சிரிங்க" என்றார்.

"என்னாத்துக்குங்க சிரிக்கணும்? நிறுவை கொறைஞ்சா அரைநாள் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம்தான் கெடைக்கும். தள்ளி நில்லுங்க, கங்காணி பாக்குறாரு" என்றாள் அவள்.

அந்தப் படத்தையும் இணையத்தில் போட்டார். கீழே, 'உழைப்பின் புன்னகை' என்று எழுதியிருந்தார். அந்தப் பெண் புன்னகை செய்யவே இல்லை. ஏசிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு கூட்டாளிக் கூட்டமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்ல பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போய் ரயிலுக்குக் காத்திருப்பார்கள். என்னையும் ஒரு தடவை இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே மரியாதை லென்ஸின் நீளத்தைப் பொறுத்தது. நீள லென்ஸ்காரர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக் கேட்பார்கள். ரயில் வந்தது. இத்தனை வருஷமாக வருகிற அதே ரயில். எல்லாரும் டப டபவென்று சுட்டார்கள். பிறகு ஒவ்வொருவரும் மற்றவரின் கேமராவை எட்டிப் பார்த்து, "ச்சா, செம" என்றார்கள். எல்லாக் கேமராவிலும் இருந்தது ஒரே ரயில். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பசி வேறு.

இதெல்லாம் போகட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம். மூன்று பேராக நின்று படம் எடுக்கக் கூடாது, நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது. இது ஊரில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அம்மாவிடம் இது வெறும் பேச்சு இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அப்பா இரண்டு கூட்டாளிகளுக்கு நடுவில் தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுத்தார். அடுத்த திருவிழாவுக்கு அப்பா இல்லை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், திரும்பி வந்தது உடம்பு. அந்தப் படம் இன்னும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. நடுவில் அப்பா, இரண்டு பக்கமும் இன்றைக்கும் கல்லுக் குண்டாக இருக்கிற இரண்டு பேர். இதற்கு மேல் அம்மாவிடம் யார் விஞ்ஞானம் பேசுவது?

ஆக, எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான். மூன்று பேர். நாலாவது ஆள் மச்சான். ஆனால் மச்சான் கேமராவுக்குப் பின்னால். கேமராவை இன்னொருத்தர் கையில் கொடுக்க அவருக்கு உயிர் போகும். "இது செல்ஃபோன் இல்ல, கண்டவன் தொட" என்பார்.

"அந்த மூணு கால் ஸ்டாண்டு இருக்கே மச்சான். அதுல வச்சு, டைமரைப் போட்டுட்டு நீங்களும் ஓடி வந்து நில்லுங்களேன்" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது ஃபோல்ஸ் எடுக்கிறதுக்கு" என்றார். நீர்வீழ்ச்சிக்கு ஸ்டாண்டு. பெண்டாட்டிக்குக் கிடையாது.

சரி, செல்ஃபோனில் எடுக்கலாம் என்று அக்கா ஃபோனைத் தூக்கினால் மனுஷனுக்கு முகம் சுருங்கிவிடும். "அப்போ நான் எதுக்கு இதைச் சொமந்துக்கிட்டு வர்றேன்?" என்று கேட்டுவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். வீட்டுக்கு வந்தும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். அக்கா பாவம், ஃபோனை எடுப்பதையே விட்டுவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "எங்க வீட்டுக் கைப்பிள்ளை கேமராதான்" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். நன்றாகப் பார்த்தால் அது சிரிப்பு இல்லை.

ஆகவே நாலாவது ஆளுக்கு மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்தில் போகிற யாரையாவது கூப்பிட்டு நிறுத்தினார். அம்மாவின் கணக்கும் சரி, கேமராவும் பத்திரம். இப்படித்தான் எங்கள் குடும்பப் படங்களில் வேன் சாரதிமார், டிக்கெட் கிழிப்பவர், துன்ஹிந்தவில் குரங்குக்குப் பயந்து எங்கள் பக்கம் ஒதுங்கிய ஒரு வெள்ளைக்காரி என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வெலிமடையில் கரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் மூட்டையோடேயே நிற்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டி, "இது யாரு, உங்க சித்தப்பாவா?" என்று கேட்பார்கள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நாடு படுத்துப்போய்ச் சாமான் விலை ஏறியதிலிருந்து அவளோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போனார்கள். கடைசியில் அவளுக்கும் கட்டாரில் ஒரு வேலை சரிவந்தது. வீட்டில் முதலில் சந்தோஷம், பிறகு அழுகை, பிறகு சூட்கேஸ் வாங்கப் போனோம். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதையும் மருமகனிடம் நேரடியாகவே கேட்டாள்.

"மாப்ள, அவ போறதுக்கு முந்தி நாலு பேரும் நம்ம ஆளா நிக்கிற படம் ஒன்னு வேணும். எனக்கு ஒன்னு, அவ கொண்டுபோக ஒன்னு. அங்க போயி அவ யாரைப் பாத்துக்கிட்டுக் கெடப்பா?"

"அதுக்கென்ன அத்தே, ஜோரா எடுத்துருவோம்" என்றார் மச்சான்.

அந்தப் படத்துக்கென்றே வேன் பிடித்து தியலும நீர்வீழ்ச்சிக்குப் போனோம். பெரகலச் சந்தியைத் தாண்டி இறங்குகிற வளைவுகளில் அம்மா பிளாஸ்டிக் பையும் கையுமாக இருந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "படம் எடுக்கும்போது மூஞ்சி வெளிறிப்போயி இருக்குமா?" என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா அம்மாவுக்குப் பவுடர் போட்டுவிட்டாள். அம்மா கட்டியிருந்தது என் சம்பளத்தில் வாங்கிய பச்சைப் பட்டு.

அங்கே போய் இறங்கியதும் மச்சான் ஸ்டாண்டை விரித்தார். அப்பாடா, இன்றைக்காவது மனுஷனுக்குப் புத்தி வந்ததே என்று நினைத்தேன். எங்கே! நீர்வீழ்ச்சியை எடுத்தார். மறுபடி எடுத்தார். தண்ணீர் பஞ்சு மாதிரி வர வேண்டுமாம். நாங்கள் மூன்று பேரும் வெயிலில் நின்றோம். அம்மாவின் பவுடர் வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டது. ஒருவழியாக எங்கள் பக்கம் திரும்பியவர் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஸ்டாண்டுலயே வைங்க மச்சான். நீங்க வந்து நில்லுங்க" என்றேன்.

"இங்க காத்து பேய் மாதிரி அடிக்குது. வுழுந்தா நீ வாங்கித் தருவியா?" என்று கேட்டுவிட்டு, ரோட்டோரத்தில் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்தவரைச் சிங்களத்தில் கூப்பிட்டார்.

அந்த மனிதர் நல்ல மாதிரி. வாட்டசாட்டமான இளந்தாரி. சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். அம்மாவைப் பார்த்து "அம்மே" என்று சொல்லி, சூடாக ஒரு சோளத்தைக் கையில் கொடுத்தார். கோபத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். இன்னொரு சோளம் அவர் கையிலேயே இருந்தது. கீழே வைக்கப் போனார்.

"வேணாம் வேணாம், அப்படியே புடிங்க. மஞ்சக் கலரு நல்லா விழுது" என்றார் என் மச்சான்.

டப்.

வேனில் திரும்பி வரும்போது அம்மா பட்டில் வழிந்த பவுடரைத் தட்டிக்கொண்டே வந்தாள். அக்காதான், "பரவால்லம்மா, போற அன்னிக்கு வீட்டு வாசல்ல எடுப்போம்" என்றாள். மச்சான் முன்னால் திரும்பி உட்கார்ந்து, கேமராவின் திரையில் நீர்வீழ்ச்சியைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, சோளக்காரர் நிற்கிற அந்தப் படத்தை மச்சான் பதுளையில் பிரிண்ட் போட்டு ஃபிரேமும் மாட்டிக் கொண்டுவந்தார். குடும்பத்துக்காக இல்லை. பின்னால் இருந்த நீர்வீழ்ச்சி நன்றாக வந்திருந்ததாம்.

அக்கா புறப்படுகிற காலை வந்தது. அம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. அவ்வளவு தூரம் வேனில் வந்தால் மகளை வழியனுப்புவதற்குப் பதிலாக மகள்தான் தாயைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆக, நாலு பேரும் ஒன்றாக நிற்கக் கிடைத்தது வீட்டு வாசல்தான். அம்மா விடியவே குளித்து அதே பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"மச்சான், இன்னிக்கு நீங்க நிக்காட்டி அந்தக் கேமராவை நானே ஒடைப்பேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கேமராவை வேன் சாரதியின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பாடம் நடத்தினார். இங்கே விரலை வைக்கணும், அரைவாசி அமுக்கணும், பச்சை வெளிச்சம் வந்தால் மீதியை அமுக்கணும், மூச்சு விடக் கூடாது. சாரதி மலங்க மலங்க விழித்தார். மச்சான் வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டப் என்று சத்தம் கேட்டது. அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மச்சான் ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தார்.

"ஐயோ, சாஞ்சிருக்கே! ஃபோகஸ் பின்னால குரோட்டன் செடில போயிருச்சு" என்றார். விரலால் ஏதோ அமுக்கினார்.

"எங்க, காட்டுங்க" என்றாள் அக்கா.

"அழிச்சிட்டேன். இது ஒரு படமா? வா, இன்னொன்னு எடுப்போம்."

சொல்லி முடிக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது. பதுளை மழைக்கு அறிவிப்பெல்லாம் கிடையாது. அக்காவின் சூட்கேஸ் வாசலில் நனைந்துகொண்டிருந்தது. மச்சான் முதலில் கேமராவுக்கு உறை மாட்டினார். பிறகுதான் சூட்கேஸைத் தூக்கினார். சாரதி, "நேரமாச்சுங்க, மண்ணு கிண்ணு சரிஞ்சா ரோட்டை மூடிருவாங்க" என்று அவசரப்படுத்தினார். அக்கா உள்ளே ஓடினாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சுவரிலிருந்து அந்தச் சோளக்காரர் படத்தைக் கழற்றி, துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்தாவது செல்ஃபோனில் ஒன்று எடுத்திருக்கலாமே என்று பிறகு மச்சானிடம் கேட்டேன். "அந்த டியூப் லைட்டுல மூஞ்சி பச்சையா வரும்" என்றார். கொள்கைக்காரர்.

அக்கா போய்ச் சேர்ந்து முதல் தடவையாக வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா, நான், மச்சான் மூன்று பேரும் ஃபோனுக்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்தோம். அம்மா நடுவில் உட்கார மாட்டேன் என்று எழுந்து, ஓரத்துக்கு மாறிக்கொண்டாள். சாப்பாடு, அறை, வெயில் எல்லாம் விசாரித்து முடிந்தது. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் படம் நிற்பது தெரிந்தது. நீர்வீழ்ச்சி, அம்மா, நான், அக்கா, அவளை ஒட்டியபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற சோளக்காரர்.

"ரூம்ல கூட இருக்கிற நேர்ஸ் புள்ளைங்க நான் வந்த அன்னிக்கே கேட்டுச்சுங்க, இதுதான் ஒன் புருஷனான்னு" என்றாள் அக்கா.

"நீ என்னா சொன்ன?" என்றேன்.

"ஆமான்னு சொல்லிட்டேன். மூணு பேரா நிக்கக் கூடாது, கேமராவைக் கண்டவன் தொடக் கூடாதுங்கிற கதையெல்லாம் நான் இங்கிலிஷ்ல எப்புடிச் சொல்றது? ஏன் கையில சோளம் வச்சிருக்காருன்னு ஒருத்தி கேட்டா. எங்களுக்குச் சோளத் தோட்டம் இருக்குன்னு சொல்லிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் சிரிக்கவில்லை. ஃபோனைக் கையில் வாங்கி, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான் எடுத்த படம்" என்றார். "அன்னிக்கு அங்க நானும் இருந்தேன்ல. ஒங்களுக்கு எதிருல நின்னு எடுத்தது நான்தானே."

அம்மாவுக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனாலும் மருமகன் என்கிற மரியாதையை விடாமல், மெதுவாகத்தான் கேட்டாள்.

"எடுத்தவரு மூஞ்சி அதுல எங்க மாப்ள இருக்கு?"