வருஷப் பிறப்பன்று ஒரு சொம்புத் தண்ணீர்

ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்குப் பதினோரு வயது. தாத்தா பிறந்த ஊர் என்று அப்பா எங்களைக் கூட்டிவந்தது, உத்திரமேரூரிலிருந்து காவாந்தண்டலம் போகிற வழியில் இருந்த ஒரு காலனிக்கு. அந்த ஊரைவிட்டுத் தாத்தா எதற்காக ஓடினார் என்று அப்பா ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வீட்டுக்குள் பர்மியப் பேச்சுதான். அம்மாவும் தமிழச்சிதான், ஆனால் பர்மாவிலேயே பிறந்து சந்தையில் மீன் விற்று வளர்ந்தவள். சிரிக்கவும் திட்டவும் அவளுக்கு அந்தப் பாஷைதான் வரும். நாங்கள் அவளை ‘அமே’ என்று கூப்பிடுவோம். காலனிப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு என்னைக் கல்லால் அடித்தன. நானும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தியின் காதை ரத்தம் வரக் கடித்திருக்கிறேன்.

சித்திரை முதல் நாள் வந்தது. பர்மாவில் அந்த நாட்களில்தான் தண்ணிப் பண்டிகை. தெருவில் போகிற யார்மீதும் தண்ணீர் ஊற்றலாம். போன வருஷத்து அழுக்கெல்லாம் அதோடு போய்விடும் என்பார்கள். நனைந்தவர் சிரிப்பார். இங்கேயும் வருஷப் பிறப்பு என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அமே சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்து, “முதலில் வருகிறவர்மேல் ஊற்று, அதுதான் புண்ணியம்” என்று பர்மியத்தில் சொன்னாள்.

முதலில் வந்தவர் மேல்தெருப் பெரியவர். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய நிலம் அவருடையது. வெள்ளை வேட்டியும் விபூதியுமாகக் கோயிலுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் முகத்தில் வீசினேன். சைக்கிளோடு விழுந்தார். அவரும் சிரிப்பார் என்று நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

அவர் அறைந்த அறையில் காது அடைத்துப்போனது. அரை மணியில் தடிகளோடு ஆட்கள் வந்து எங்கள் கூரையைப் பிய்த்தார்கள், பானைகளை உடைத்தார்கள். தடுக்கப் போன அமேவை முடியைப் பிடித்து இழுத்து எருக்குழியில் தள்ளினார்கள்.

பெரியவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அப்பாவிடம் வந்தார்.

“இன்னாடா, கப்பல்ல வந்தா தொரைன்னு நெனப்பா? காலனித் தண்ணிய எம்மேல ஊத்தறா உம்பொண்ணு. நாங்க அடிச்சா செத்துப்பூடும். நீயே அடி. நான் போதும்னு சொல்ற வரைக்கும் அடி.”

“தெரியாம பண்ணிட்ச்சி ஆண்டே. அங்க அது நல்லதுக்குப் பண்றதுங்க.”

“இங்க இன்னாடா அங்க?”

அப்பா புளிய விளாரை ஒடித்துக்கொண்டு வந்தார். முதல் அடி முதுகில். “அமே!” என்று அலறினேன். அடுத்தது தொடையில். மறுபடியும் “அமே!”

“இன்னா பாஷைடா அது? என்னைத் திட்டுதா?” என்றார் பெரியவர்.

அப்பா இன்னும் ஓங்கி அடித்தார். தோல் கிழிந்து பாவாடை ஒட்டிக்கொண்டது. மண்ணில் விழுந்தேன். என்னைத் தூக்கி நிறுத்தக் குனிந்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு காதோரம் சொன்னார்: “தமிழில் கத்து. விட்டுவிடுவார்கள்.” அதைப் பர்மியத்தில்தான் சொன்னார். அந்தப் பாஷையில் அவர் என்னிடம் பேசியது அதுவே கடைசி.

அடுத்த அடிக்கு “யம்மா!” என்று கத்தினேன்.

“ஆங், இப்போ புத்தி வந்துகீது. போதும், வுடு” என்று பெரியவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார். எருக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்த அமே என்னையே பார்த்தாள். எழுந்து வரவில்லை.

அன்றோடு வீட்டில் பர்மியம் நின்றது. மறந்துபோய்ப் பேசினால் அப்பா வாய்மேலேயே அடித்தார். எனக்கு மட்டுமில்லை, அம்மாவுக்கும். அவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள். நான் இரண்டே வருஷத்தில் காலனியில் பிறந்தவள் மாதிரி பேசினேன். “பர்மாப் பொண்ணா இது?” என்று மேல்தெருவில் மெச்சினார்கள். கூச்சமே இல்லாமல் பெருமைப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

எண்பதுகளில் என் முதல் பிரசவம். ஆஸ்பத்திரியில் ஒரே அறையில் நாலு பேர் கிடந்தோம். விடிந்ததிலிருந்து கத்திக் கத்தி, பொழுது சாயும்போது பிள்ளை பிறந்தது. பிறகுதான் அம்மாவை உள்ளே விட்டார்கள். முகமெல்லாம் வீங்கி, பயந்துபோய் இருந்தாள்.

“கதவாண்டயே நின்னுக்கினு இருந்தேன்” என்றாள், தன் ஓட்டைத் தமிழில். “நாலு பொண்ணும் யம்மா யம்மான்னு கத்துது. அதுல நீ எதுன்னு எனக்குத் தெரியல.”

அவளைக் கூப்பிடும் பழைய பெயர் வாய்வரை வந்துவிட்டது. மற்ற மூன்று பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கடைசியா கத்தனது நாந்தாம்மா” என்றேன்.