பலகைக்கு அப்பால் கேட்ட சிரிப்பு

என் கணவர் பல் வைத்தியர். கொழும்பின் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு இருந்தது. முன்னறையின் பாதியைத் தடுத்துத் தமது சிகிச்சை அறையாக்கியிருந்தார். தடுப்பு என்பது ஒட்டுப்பலகைதான், கூரைவரை எட்டாதது. பலகைக்கு இப்பால் ஒரு மேசை போட்டு, வருபவர்களை இருத்தி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். மடியில் பதிகப் புத்தகம் விரிந்திருக்கும். உதடுகள் பாடலைச் சொல்லிக்கொண்டிருக்கும்; செவி பலகையோடு ஒட்டியிருக்கும்.

சாப்பாட்டு மேசையில் அவர் சொல்வதெல்லாம் உப்பு, தண்ணீர், மின்வெட்டு என்ற எல்லைக்குள் அடங்கிவிடும். அது யுத்த காலம். கொழும்பில் எங்களவர்கள் வீட்டுக்குள்ளும் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஆகையால் அவருடைய மௌனத்தைக் காலத்தின் தலையில் சுமத்தி, மனத்தைத் தேற்றி வைத்திருந்தேன். ஆனால் பலகைக்கு அப்பால் அதே மனிதர் கதை சொன்னார். குரலை ஏற்றி இறக்கிச் சொன்னார். அங்கே இளம் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவருடைய தொழிலுக்குத் தேவைப்பட்டது. வடக்கிலிருந்து வந்து, வெளிநாட்டு விசாவுக்காக லொட்ஜுகளில் மாதக்கணக்காகக் காத்திருந்த பெண்களால் வெள்ளவத்தை அப்போது நிறைந்திருந்தது. மாப்பிள்ளை கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். பெண்ணைப் படத்தில் மட்டுமே கண்டிருப்பார். மகளை அழைத்து வரும் தாய்மார் தயங்கித் தயங்கி ஒன்றையே சொல்வார்கள்: பிள்ளை சிரித்தால் முரசு தெரிகிறது. பல்லின் மேலுள்ள ஈற்றைத்தான் நாங்கள் முரசு என்போம். வாயை மூடிக்கொண்டு எடுத்த படத்தில் காரியம் ஒப்பேறிவிட்டது. விமான நிலையத்தில் மாப்பிள்ளையைக் கண்டு பிள்ளை சிரித்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை.

இதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்பதை அவர் விளக்கும்போது நான் கேட்டுக் கேட்டு, பாடல் மனனமாவதுபோல் எனக்கும் மனனமாகிவிட்டது. முரசு பல்லின் மேல் அளவுக்கு மிஞ்சி இறங்கி, பல்லைக் குட்டையாகக் காட்டுகிறது என்றால், மிகையானதை நறுக்கி ஓரத்தைச் சீராக்கிவிடலாம். சிலருக்கு உள்ளிருக்கும் எலும்பையும் சற்றே அராவ வேண்டிவரும். உதடுதான் கூடுதலாக மேலே ஏறுகிறது என்றால், உதட்டின் உட்புறத்தில் ஒரு கீற்றை எடுத்துத் தைத்து அதன் ஏற்றத்தைக் குறைக்கலாம். பல் வரிசை கீழிறங்கி நிற்பவருக்குக் கம்பி போட்டு ஓரளவு மேலே தள்ளலாம். மேல் தாடையே நீளமாக வளர்ந்துவிட்டதென்றால் அது தமது கையில் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் தாடையை வெட்டி ஏற்றுகிற காரியம் என்று கைவிரித்துவிடுவார். அவ்வளவு பெரிய வேலைக்குப் பயண நாள் குறித்த பெண்கள் எவரும் துணியவில்லை.

இவற்றுள் எது பொருந்தும் என்று அறியச் சிரிப்பை அளந்தாக வேண்டும். இங்கேதான் சங்கடம். முரசு தெரிகிறதென்று வெட்கப்பட்டு வளர்ந்த பெண், சிரியுங்கள் என்று சொன்னால் சிரிக்கமாட்டாள். உதட்டைக் கட்டி ஆளப் பல வருடங்களாகப் பழகியவள் அவள். கேட்டால் ஒரு சிறு முறுவலைக் காட்டி நிறுத்திவிடுவாள். தன்னை மறந்து சிரிக்கிற கணத்தில்தான் உதடு தன் முழு உயரத்துக்கு ஏறும். அந்தக் கணத்தில் அவர் கையிலிருக்கும் சிறிய உருக்கு அளவுகோல் பல்லருகே போய்விட வேண்டும். அதற்காகவே அவர் கதை வைத்திருந்தார்.

பெரும்பாலும் வந்தது கொட்டாஞ்சேனைக் கிழவரின் கதை. சோதனைச்சாவடியில் கிழவரை மறித்த சிப்பாய், சட்டைப்பைக்குள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பது என்னவென்று கேட்கிறான். விரித்துக் காட்டுகிறார், உள்ளே பல் செட். அதைப் பறித்துக்கொண்டு, இது யாருடையது என்று சிங்களத்தில் அதட்டுகிறான் சிப்பாய். கிழவர் பொக்கை வாயால் எதையோ சொல்கிறார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. பல்லைப் போட்டால்தான் பதில் சொல்ல முடியும். பதில் சொன்னால்தான் பல்லைத் திருப்பித் தருவேன் என்கிறான் அவன். இந்த இடத்தில் பலகைக்கு அப்பால் சிரிப்பு வெடிக்கும். பிறகு ஒரு நொடி அமைதி. அது அளவெடுக்கும் அமைதி என்று எனக்குத் தெரியும்.

கங்கையைச் சடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு ஒன்றும் அறியாதவன்போல் நிற்கும் பெருமானிடம் உமையவள் ஊடிய கதையைச் சிறுவயது முதலே பாடி வருகிறேன். அதை ஒரு திருவிளையாட்டு என்று ரசித்துப் பாடியவள் நான். சடைக்குள் இருந்து நீர் சலசலக்கும் ஓசையை அவள் நாள்தோறும் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள் என்பது அந்த மேசையில் இருந்துதான் எனக்கு விளங்கிற்று.

என் பொறாமைக்கு இன்னொரு வேரும் உண்டு. எனக்கும் முரசு தெரியும். பள்ளிக்காலத்துக் குழுப்படம் ஒன்றில் வெள்ளைப் பல்லுக்கு மேலே அகலமாகச் சிவந்து தெரிந்ததைப் பார்த்துத் தோழிகள் கேலி செய்தார்கள். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் முந்தானையோ கையோ வாய்க்குப் போய்விடும். கோயிலில் பாடும்போதும் மேலுதட்டை இறுக்கியே பாடுவேன். ஈகாரம் நீளும் இடங்களில் அதனால் என் குரல் மங்கும். திருமணமாகிப் பல வருடங்கள் சென்றிருந்தன. என் கடைவாய்ப் பல் ஒன்றை அவரே பிடுங்கியிருக்கிறார். ஊர்ப்பெண்களின் முரசுக்கெல்லாம் வழி சொல்பவர் என்னிடம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கண்டும் காணாதவர்போல் இருக்கிறார், இனி இவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார் என்றே நான் எண்ணியிருந்தேன்.

அந்த நிலையில் ஒரு பெண் வந்தாள். தாயோடு லொட்ஜில் தங்கியிருந்தவள், கனடாவுக்குப் போகவிருந்தவள். என்னைவிடக் கூடுதலாக முரசு தெரிந்தது அவளுக்கு. அப்படியிருந்தும் காத்திருப்போர் அமரும் நீள வாங்கிலேயே தாயின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே போனதும் கொட்டாஞ்சேனைக் கிழவர் வந்தார். ஆனால் அவள் அந்தக் கதையை லொட்ஜில் ஏற்கனவே கேட்டுவிட்டாளாம். முன்பு வந்து போன யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைப் பாதியில் விட்டார். பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு கதையைத் தொடங்கினார்.

அது அவருடைய சொந்தக் கதை. மாணவராயிருந்தபோது கொட்டாஞ்சேனையில் ஓர் இலவசச் சிகிச்சை முகாமில் முதன்முறையாகப் பல் பிடுங்க நின்றாராம். கதிரையில் இருந்தவர் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஆள்; மலைபோன்ற தேகம். இவருக்குக் கை நடுங்கியதைக் கண்டு, பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்று அந்த மனிதரே தைரியம் சொன்னாராம். பல் வந்தது. இரத்தத்தைக் கண்டதும் இவர் மயங்கி விழுந்துவிட்டார். பல் பிடுங்கப்பட்டவர், பிடுங்கியவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாராம். அதைக் கண்டதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஓடிவிட்டார்களாம்.

அவள் சிரித்த சிரிப்பில் ஒழுங்கையில் போனவர்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம் வாழ்வில் நடந்த ஒன்றை, என்னிடம் சொல்லாத ஒன்றை, இன்னும் சில கிழமையில் விமானம் ஏறப்போகிறவளிடம் கொடுத்துவிட்டார். பகிடிக் கதை ஊருக்குப் பொதுவானது. அதில் எனக்குப் பங்கு கேட்க நியாயமில்லை. இது அப்படிப்பட்டதல்ல. முப்புரத்தையும் ஒரு சிரிப்பால் பெருமான் எரித்ததைப் பாடியிருக்கிறேன். அன்று எரிந்தது என் வயிறு.

அவளுக்கு முரசை நறுக்கிச் சீராக்குவது போதுமாயிருந்தது. விறைக்கும் ஊசி போட்டு, மின்சாரக் கம்பியால் ஓரத்தைத் தீய்த்து எடுத்தார். கருகிய வாடை பலகையைத் தாண்டி வந்தது. புண் ஆறும்வரை முரசின் மேல் இளஞ்சிவப்பான பசையை அப்பி அனுப்பினார். ஒரு கிழமை கழித்து அதை எடுத்தபோது அவளுடைய பற்கள் புதிதாக முளைத்தவைபோல் நீண்டு தெரிந்தன. விடைபெறும்போது என் மேசையருகே வந்து குனிந்து, "டொக்டர் வீட்டிலயும் இப்பிடித்தான் பகிடி விடுறவரோ, அன்ரி? நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்றாள்.

"ஓம், பிள்ளை" என்றேன். வேறு எதைச் சொல்வது?

அன்று மதியம் கடைசி ஆளும் போனபின் வாசற்கதவைச் சாத்தினேன். சமையலறைக்குப் போகாமல் உள்ளே சென்று நோயாளியின் கதிரையில் ஏறி அமர்ந்தேன். அவர் கை கழுவிக்கொண்டு நின்றார். பல் நோகிறதா என்று கேட்டார்.

"எனக்கும் முரசு தெரியும். அளந்து பாருங்கோ."

"உமக்கோ? எப்ப?"

"சிரிக்கேக்கை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கேக்கை வாய் முழுக்கப் பாத்தனீங்கள்தானே. தெரியாத மாதிரி இருக்கிறியள்."

அவர் துவாயில் கையைத் துடைத்தபடி என்னையே பார்த்தார். "அது வாய். நீர் சிரிச்சு நான் எப்ப கண்டனான்?"

நானோ பல வருடக் குற்றச்சாட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவள். அவர் சுற்றி வளைக்கவில்லை. உண்மையாகவே நினைவைத் துழாவிப் பார்த்துத்தான் கேட்டார். பிறகு வழக்கம்போல் விளக்கைத் திருப்பி, அளவுகோலை எடுத்து, கொட்டாஞ்சேனைக் கிழவரைத் தொடங்கினார். சிப்பாய் கைக்குட்டையை விரிக்கச் சொல்லும் இடத்தில் அடுத்த வாக்கியத்தை நான் சொன்னேன். இன்னொரு கதையை எடுத்தார்; அதன் முடிவையும் நான் முந்திச் சொன்னேன். மூன்றாவதற்கு வாய் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பலகை மெல்லியது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"மயங்கி விழுந்த கதையை எனக்கேன் ஒருநாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"உமக்குச் சொன்னா மரியாதை போயிடும் எண்டு நினைச்சன்" என்றார்.

விறைப்பாக நிமிர்ந்து, அளவுகோலைச் செங்கோல்போல் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். இப்படி நிற்கிற இந்த மனிதரைத் துறைமுகத் தொழிலாளி ஒருவர் தோளில் போட்டு, கால்கள் பின்னால் தொங்கத் தூக்கிப் போவது என் கண்முன் வந்தது. பலகைக்கு இப்பால் கேட்டபோது பொறாமை இடம்விடாததால் உள்ளே நுழையாமல் நின்ற சிரிப்பு, அத்தனை நாள் பிந்தி, இப்போது வந்தது. கதிரையில் இருந்து வழுக்கிவிடும் அளவுக்குச் சிரித்தேன். என் கையும் தன் பழக்கப்படி வாயை மூடிக்கொண்டது.

"கையை எடும், கையை எடும்" என்று அளவுகோலோடு அவர் பாய்ந்தார். கையை எடுப்பதற்குள் உதடு இறங்கிவிட்டது. அளவு கிடைக்கவில்லை.

இன்னொருமுறை சிரிக்கச் சொன்னார். சொன்னால் வருமா என்று அவருக்கே தெரியும். நான் கதிரையை விட்டு இறங்கி, ஒரு நிபந்தனை சொன்னேன்: இனி எந்தக் கதையானாலும் முதலில் என்னிடம் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் உள்ளே. அவர் மறுக்கவில்லை.

அதன்பின் மதியச் சாப்பாட்டில் உப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கதை வரத் தொடங்கியது. கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸில் கண்டது, மருதானையில் எக்ஸ்றே படச்சுருள் வாங்கப் போய்க் கேட்டது, மாணவப் பருவத்து அவமானங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ தேடிக்கொண்டு வந்தார். சொல்லும்போது அவருடைய வலது கை மேசைக்குக் கீழே இருக்கும். அளவுகோல் அதில் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு உதட்டை இறுக்குவேன். அடக்க முடியாவிட்டால் எழுந்து சமையலறைக்குள் போய்ச் சிரிப்பேன். அளந்துவிட்டாரானால் வழி சொல்லிவிடுவார். வழி சொல்லிவிட்டாரானால் கதை நின்றுபோகும் என்ற கணக்கு எனக்கு இருந்தது.

பொறாமை தீர்ந்துவிட்டதென்று சொன்னால் பொய்யாகும். பலகைக்கு அப்பால் ஒரு புதுக்குரல் சிரிக்கும்போதெல்லாம் புத்தகத்தில் என் விரல் வரியைத் தவறவிடத்தான் செய்தது. ஆனால் சந்நிதியில் படைத்து இறக்கிய பின்னர்தானே வெளியே நிற்பவர்க்கு அமுது வழங்குவார்கள். அவர்கள் கையேந்தி வாங்குவது எனக்குப் படைத்து எடுத்ததை என்று எண்ணிக்கொள்வேன். இறைவன் இதை அபசாரமாகக் கொள்ளமாட்டான் என்றும் சேர்த்து எண்ணிக்கொள்வேன்.

அவர் இருந்தவரை அந்த அளவை அவரால் எடுக்க முடியவில்லை.