தனியாகக் கட்டச் சொன்னேன்

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரும்போதெல்லாம் அந்த மனிதர் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவார். எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் வாசலில் தண்ணீர் கேனும், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் இருக்கும். அதைத் தொடமாட்டார். தன் டம்ளரில் பிடித்துக் குடித்து, கழுவித் துடைத்து, மறுபடியும் பையில் வைத்துக்கொள்வார். ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எல்லாரும் உங்கள மாதிரி சுத்தமா இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது அண்ணாச்சி" என்று பாராட்டி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அண்ணாச்சி என்பது நான் கூப்பிட்ட பெயர். நான் திருநெல்வேலிப் பக்கம். நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு ஓசூரில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சி வேலைக்கு வந்தவள். எங்கள் ஊரில் வயதில் மூத்த ஆண்கள் எல்லாருமே அண்ணாச்சிதான். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டதும், "அண்ணாச்சின்னா மளிகைக் கடை வெச்சிருக்கறவரு தான சிஸ்டர்? எங்கிட்ட நாலு மாடுதான் இருக்குது" என்றார். சானமாவு காட்டைத் தாண்டி ஒரு சிற்றூர் அவருடையது. வீட்டில் தெலுங்கு, மாடுகளிடம் கன்னடம், என்னிடம் தமிழ். இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், சட்டை நனைய வியர்வை, இடுப்பில் குடைச்சல். டைபாய்டு என்று யார் யாரோ ஊசி போட்டிருந்தார்கள். குறைமாதத்தில் கன்று வீசிய ஒரு பசுவுக்கு வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுத்ததைப் பேச்சுவாக்கில் சொன்னார். பரிசோதித்தோம். புருசெல்லோசிஸ், மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் காய்ச்சல். அதே ரத்தத்தில் இன்னொன்றும் தெரிந்தது: ஹெபடைடிஸ் பி, நாள்பட்டது, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் கல்லீரலில் குடியிருப்பது.

எங்கள் ஆராய்ச்சியே அதைப் பற்றியதுதான். மாட்டுக் காய்ச்சலுக்கு ஆறு வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும். அதில் ஒரு மாத்திரை கல்லீரலைப் படுத்தும். ஏற்கெனவே கல்லீரலில் கிருமி இருப்பவர் அதை எப்படித் தாங்குகிறார் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இரண்டும் சேர்ந்த நோயாளிகள் லேசில் கிடைக்கமாட்டார்கள். அதனால் அண்ணாச்சி வந்த அன்று எங்கள் பெரிய டாக்டர் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கும்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, அறிவுரைகளை நான்தான் சொன்னேன். பாலைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். கன்று வீசிய மாட்டை மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்ட வேண்டும். கல்லீரல் கிருமி ரத்தத்தில் இருக்கிறது, சவரம் செய்யும் பிளேடை யாருக்கும் தரக்கூடாது, மனைவிக்கும் மகளுக்கும் பரிசோதித்துத் தடுப்பூசி போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருக்கிற அவசரத்தில். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாட்டுக்கு வந்தா தனியா கட்டணும். சரிங்க. எனக்கு?" என்றார். நான் அடுத்தவரின் படிவத்தை எடுத்துக்கொண்டே, "நீங்களும் அதே மாதிரி பாத்து இருந்துக்கிடுங்க. பாப்பாவுக்கு வந்துரக் கூடாது பாருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்தால், சேர்ந்து சாப்பிட்டால், பிள்ளையைத் தூக்கினால் ஒட்டாது என்பதைச் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்ற நினைப்பு.

அதன் பிறகு அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. நான் படிவத்தில் உள்ளபடி கேட்பேன். காய்ச்சல் உண்டா? வியர்வை உண்டா? கண் மஞ்சளாகத் தெரிகிறதா? மாத்திரை விட்டுப்போனதா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்பார். நான் கட்டம் கட்டமாக டிக் அடிப்பேன். மனைவியும் ஐந்து வயது மகளும் தடுப்பூசிக்கு வேறொரு நாளில் தனியாக வந்துபோனார்கள். அதையும் ஏன் என்று கேட்கவில்லை. சிப்காட் பக்கம் ஒற்றை அறையில் இருந்தேன். பக்கத்து அறைப் பெண்கள் ஷிஃப்டுக்குப் போவதும் வருவதும் கதவுச் சத்தமாக மட்டுமே தெரியும். சாப்பிட்டாயா என்று கேட்க அம்மாவின் போன்தான் வர வேண்டும். ஒரு மனிதர் தனி டம்ளரோடு வந்து, தனியாக உட்கார்ந்து, தனியாகப் போவது எனக்கு விசேஷமாகவே படவில்லை.

ஆறாவது வாரம் அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கடைசி ரத்தம் இல்லாவிட்டால் அதுவரை எடுத்ததெல்லாம் வீண் என்று பெரிய டாக்டர் கையைப் பிசைந்தார். காலையிலேயே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு, மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று கண்டக்டர் இரண்டு தரம் சொல்லி இறக்கிவிட்டார்.

வீட்டில் அவர் இல்லை. அவர் மனைவி ராகி வயலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க மாட்டுக் கொட்டாய்லதான் இருக்கறாரு. ராத்திரி யானை வந்து வைக்கோல் போரைச் சாய்ச்சிட்டுப் போயிடுச்சு. மாட்ட விட்டுட்டு வரமுடியலன்னு சொல்லிக்கினு இருந்தாரு."

"காவலுக்குப் போயிருக்காரா?"

"இல்லீங்க, அங்கதான் இருக்கறாரு. ஒண்ணரை மாசமாச்சு. நீங்கதான தனியா இருக்கச் சொன்னீங்களாம்?"

அப்போது அந்தச் சின்னப் பெண் ஒரு தட்டில் களியும் குழம்பும் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். பின்னாலேயே போனேன். கொட்டாய்க்குப் பத்தடி தூரத்தில் ஒரு கல். தட்டை அதன்மேல் வைத்தாள். வேப்பமரம் வரை பின்னால் வந்து நின்றுகொண்டு, தெலுங்கில் "நானா" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வெளியே வந்து தட்டை எடுத்துக்கொண்டார். இருவரும் அதில் நன்றாகப் பழகியிருந்தார்கள். உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில். அதற்கு இரண்டு முழம் தள்ளி, கன்று வீசிய அந்தப் பசு. அவர் யாரிடமிருந்து விலகியிருக்க வேண்டுமோ அந்த மாட்டின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, யாரிடமிருந்து விலகவே தேவையில்லையோ அவர்களை விட்டுப் போயிருந்தார்! கொட்டாயை ஒட்டியே வைக்கோல் போர் சாய்ந்து கிடந்தது. யானை இன்னும் நாலடி எடுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டால் ஒட்டாது, தட்டில் ஒட்டாது, உங்கள் வீட்டில் இருவருக்கும் ஊசி போட்டாகிவிட்டது, இனிப் பயமே இல்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். "வுடுங்க சிஸ்டர். நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கினேன். டம்ளர் கொண்டாந்தப்போ நல்லதுன்னீங்களா, சரியாத்தான் பண்றேன்னு நெனைச்சிட்டேன்." பிறகு மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் வரவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "நானாகிட்டப் போகக்கூடாதுன்னு ஆஸ்பத்திரி அக்கா சொன்னாங்க" என்றாள். நான்தான் அந்த அக்கா என்று அவளுக்குத் தெரியாது.

அன்று எடுத்த ரத்தம் நன்றாக இருந்தது. கல்லீரல் தாங்கிவிட்டது, காய்ச்சல் திரும்பவில்லை. படிவத்தில் 'சிகிச்சை முழுமை' என்று எழுதிக் கோப்பை மூடினோம். அதற்குப் பிறகு நான் எல்லா நோயாளிகளிடமும் படிவத்தில் இல்லாத இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன்: எங்கே படுக்கிறீர்கள், யாரோடு சாப்பிடுகிறீர்கள்? சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஹெபடைடிஸ் போகவில்லை, அதனால் இந்த ஏழு வருஷமாக அண்ணாச்சி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வருகிறார். போன மாதம் மகளும் வந்திருந்தாள். ஏழாவது படிக்கிறாள், ஓசூரில் ஷூ வாங்க வேண்டுமாம். வராந்தா பெஞ்சின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவர். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். "இப்ப எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்புடறோம் சிஸ்டர்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. எனக்கு அந்த இடைவெளி பொறுக்கவில்லை. "ஏட்டி, அங்க ஏன் தள்ளி உக்காந்திருக்க? அப்பா பக்கத்துல போய் உக்காரு" என்று அதட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். அவர், தன்னை அறியாமலேயே, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.