தோளில் இருந்து பார்த்த தேர்

ராஜபாளையத்து டாக்டர் அறையில் அப்பாவின் சட்டையிலிருந்து தைல வாடை வந்தது.

வீட்டில் இந்த வாடை முதலில் வந்தபோது எனக்கு ஏழு வயது. இடுப்புவலியால் அப்பா மில்லுக்கு லீவு போட்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரன்று நான் அடம்பிடித்து அழவும், வலியோடே என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் மில் சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து, "அப்பாவுக்கு எப்படி இருக்கு பாப்பா?" என்றார்.

"நேத்து என்னையத் தோள்ல வச்சுத் தேர் காட்டுனாரே!" என்றேன் பெருமையாக.

அவர் உள்ளே படுத்திருந்த அப்பா பக்கம் திரும்பி, "அப்போ வலியெல்லாம் நடிப்பாடே?" என்று சிரித்தார்.

அன்றே அப்பா ஷிப்டுக்குக் கிளம்பினார். என்னைத் திட்டவில்லை. ஆனால் அதன்பின் நான் பக்கத்தில் வந்தாலே முனகலை நிறுத்திவிடுவார்.

இப்போது டாக்டர், "வலி எந்த அளவுக்கு இருக்கு ஐயா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "அம்புட்டு ஒண்ணும் இல்ல சார்," என்றார்.

எனக்குக் கூசியது. எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே அப்பா மெல்லச் சொல்லத் தொடங்கினார்.