முந்தி மின்னும் குழாய்

எண்ணெய்ப் பிசுக்கேறிய விரல்கள் காரின் ஏசி குழாயைத் துடைத்தன. ஊதா விளக்கு குழாயோடு மெல்ல நகர்ந்தது. ஓர் இணைப்பில் பச்சையாக மின்னியது, முன்பே உள்ளே ஏற்றியிருந்த சாயம். எங்கே மின்னுகிறதோ அங்கேதான் கசிவு. வாஷரை மாற்றினால் வேலை முடிந்தது.

பூந்தமல்லியில் கார் ஏசி பார்க்கும் ஜுல்ஃபிகருக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. அதனால்தான் டாக்டர் சாயம் என்றதும், நமக்குத் தெரிந்த வேலைதானே என்று எண்ணிக்கொண்டார்.

மனைவி ஷாகிதாவுக்குக் கால்கள் மரத்துக்கொண்டே வந்தன. செருப்பு கழன்றது தெரியாமல் கடைத்தெருவில் நடந்திருக்கிறாள். முதுகுத் தண்டில் ரத்தக்குழாய்க் கோளாறு, விட்டால் நடையே போய்விடும் என்றார் டாக்டர் அகல்யா. ஆபரேஷனின்போது ரத்தத்தில் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப் கேமராவில் பார்ப்பார்களாம்.

“எங்க லீக்காவுது மேடம்?”

“லீக்கே இல்லங்க. பிரஷர் அதிகமான குழாய் ஒண்ணு, மெல்லிசான குழாயில நேரா சேந்துடுச்சு. அதான் தண்டுவடத்துல ரத்தம் தேங்குது.”

“அப்ப சாயம் எங்க மின்னும்?”

“எல்லா குழாயிலயும்தான். எது முறை தப்பி முந்திக்குதோ, அத வெச்சு இடத்தக் கண்டுபிடிப்போம்.”

எல்லாமே மின்னினால் எதைக் கண்டுபிடிப்பது? பழைய வண்டியில் ஓரிடத்தை அடைத்தால் அழுத்தம் ஏறி வேறிடத்தில் பிய்த்துக்கொள்ளுமே என்று கேட்டார். அந்தத் தப்பான இணைப்பை மட்டும் மூடிவிட்டு, மறுபடி சாயம் ஏற்றிச் சரிபார்ப்போம் என்றார் டாக்டர். ஜுல்ஃபிகர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷாகிதாவைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாங்க, என் முதுக பானெட்டு மாரி தொறந்து நீங்களா பாக்கப்போறீங்க?” என்றாள் ஷாகிதா. “எனக்கு நடக்கணும். செய்ங்க மேடம்.”

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் திரையில் காட்டினார். பச்சைச் சாயமாம், படமோ கறுப்பு வெள்ளை. முதல் படத்தில், மற்றவற்றுக்கு முன்பே, நெளிந்து கிடந்த குழாய் ஒன்று சட்டென்று வெளுத்தது. இணைப்பை மூடியபின் எடுத்த அடுத்த படத்தில் மற்றவை வெளுத்தபோதும் அது கறுப்பாகவே கிடந்தது. “இதுதான் வேணும்” என்றார் டாக்டர். மின்னாமல் இருப்பதுதான் நல்லதா? ஜுல்ஃபிகர் தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

சில நாள் கழித்து, பிசியோதெரபி செய்யும் ராதிகா, ஷாகிதாவை வார்டு வராந்தாவில் நடத்திக்கொண்டு வந்தாள். வலது கால் இன்னும் இழுத்தது. இருந்தாலும் தரையின் குளிர்ச்சி தெரிகிறது என்றாள் ஷாகிதா.

“படம் பாத்தீங்களாமே, இன்னா புரிஞ்சுது?” என்று எதிரே நின்ற கணவரைக் கேட்டாள்.

“ஒண்ணும் புரியல.”

“அப்ப சரியாத்தான் செஞ்சிருப்பாங்க.”

ராதிகா சிரித்தபடி, விழாமல் பிடித்துக்கொள்ள ஷாகிதாவின் இடுப்பில் கட்டியிருந்த பட்டையின் பிடியை ஜுல்ஃபிகரின் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்க பாய், இனிமே நீங்க புடிச்சுக்கோங்க. தூக்காதீங்க, கூடவே நடந்தா போதும்.”